பாதியாகக் குறைந்த அபராதம்

பிராங்பேர்ட்டுக்கு அருகே, வங்கிக் கடனால் ஏலத்துக்கு வந்த வீடொன்றை வாங்கினேன். முற்றத்தில் குவிந்து கிடந்த சாமான்களுக்காக நகரசபை அபராதம் விதித்தது. துப்பரவாக்கினால் பாதியாகக் குறைக்கலாம் என்றார் அதிகாரி.

வீட்டை இழந்த செல்வம் தொலைபேசியில் அழைத்தான். "அண்ணை, சனிக்கிழமை சாமான் ஏத்த வான் கொண்டு வாறன். செத்துப்போன மகளின்ர பெட்டியளும் அதுக்குள்ள கிடக்கு. கொஞ்சம் பொறுங்கோ."

"ஏலாது. வீட்டையே காப்பாத்தத் தெரியாதவனுக்குப் பெட்டி எதுக்கு?" என்றேன். அன்றே குப்பை லொறியில் எல்லாவற்றையும் ஏற்றி அனுப்பினேன்.

சனிக்கிழமை வந்தவன் வெறும் முற்றத்தைப் பார்த்து நின்றான். "வடிவாத் துப்பரவாக்கிப்போட்டியள், அண்ணை."

அபராதம் பாதியானது. "அவகாசம் கேட்டிருந்தால் தந்திருப்போம். அப்போதும் பாதிதான்," என்றார் அதிகாரி.

இப்போது ஏல வீடு வாங்கும் நம்மவர்களுக்கு நகரசபைக் கடிதங்களை நானே எழுதிக் கொடுக்கிறேன். முதல் வரியிலேயே அவகாசம் கேட்கிறேன். பழைய வீட்டுக்காரரை அழைத்துப் பேசவும் சொல்கிறேன்.

செல்வம் என் அழைப்பை எடுப்பதில்லை.