போதகரம்மா வீட்டுச் சாமான்கள்

வெளிநாட்டு ஊழியத்தை முடித்துக்கொண்டு போதகர் குடும்பத்தோடு ஊர் திரும்பியபோது கையில் இருந்தவை சில பெட்டிகளும் ஒரு கருவிப் பையும்தான். பெட்டிகளில் போதகரின் அங்கிகளும் மகளின் புத்தகங்களும் இருந்தன. இடுக்கியும் ஸ்பானரும் சுத்தியலும் அடுக்கிய பை போதகரம்மாவுடையது. விமான நிலையத்தில் பையைத் திறந்து பார்த்த அதிகாரி, "இது யாரோடது சார்?" என்று கேட்டார். போதகர் மனைவியைக் காட்டினார். அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் போதகருக்காகக் கொஞ்சம் இரங்கியவர் போல, "போங்க" என்றார். 

அவள் நர்ஸ் வேலைக்குப் படித்தவள். அங்கே போன பிறகு, எந்த வேலைக்கு ஆள் இல்லையோ அது அவள் வேலை ஆயிற்று. மருந்தகத்தைக் கவனித்தாள், பிரசவம் பார்த்தாள். சேற்றுச் சாலையில் மருந்தக வேனை ஓட்டினாள். அது நடுவழியில் மக்கர் செய்தால் அடியில் படுத்துச் சரி பார்த்தாள். போதகரின் பிரசங்கம் நீளும்போது பின்வரிசையிலிருந்து இருமவும் செய்தாள். அந்த இருமல் மட்டும் இல்லாவிட்டால் தாங்கள் சாப்பாட்டு வேளைக்கு வீடு போய்ச் சேர்ந்திருக்கவே முடியாது என்று அந்த ஊர்க்காரர்கள் இன்றும் சொல்வார்கள்.

இருபது வருஷத்துக்குக் கிட்ட ஆனபோது அங்குள்ளவர்களே படித்துத் தேறிவிட்டார்கள். இனிமேல் எல்லாவற்றையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று பிரியமாகச் சொல்லி, விருந்து வைத்து வழியனுப்பினார்கள். போதகர் அழுதார். அவளும் அழுதாள். அவள் பாதிக்கு மேல் அழுதது வேனுக்காக என்பது மகளுக்கு மட்டுந்தான் தெரியும்.

மகள் அங்கேயே பிறந்து வளர்ந்தவள். அம்மாவோடு அந்த ஊர்ப் பாஷையில் பேசுவாள். தமிழைக் கற்றதெல்லாம் அப்பாவின் பிரசங்கங்களிலிருந்து. ஊருக்கு வந்த புதிதில் பஸ்ஸில் கண்டக்டரிடம், "ஐயா, நாங்கள் இறங்கவேண்டிய ஸ்தலம் சமீபமாயிருக்கிறதோ?" என்று கேட்டாள். அந்த மனிதர் விசில் ஊத மறந்து, அடுத்த நிறுத்தம்வரை அவளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

சபையார் ஆலயத்துக்குப் பின்னால் இருந்த சின்ன வீட்டுக்கு வெள்ளையடித்துக் கொடுத்திருந்தார்கள். முதல் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பொருளாளர் எழுந்து, "ஊழியக்காரர் வீட்ல உக்கார ஒரு நாற்காலிகூட இல்ல. மனசுள்ளவங்க குடுங்க" என்று அறிவித்தார். சாயங்காலத்துக்குள் வீட்டு வாசலில் வண்டிகள் வரிசைகட்டி நின்றன. 

சபையாருக்கு மனசு இருந்தது உண்மை. வீட்டிலிருந்த பழைய சாமானை எங்கே தொலைப்பது என்று தெரியாமல் தவித்ததும் உண்மை. இரண்டும் ஒரே நாளில் கூடிவந்துவிட்டன. பொருளாளர் கொடுத்த சோபாவின் நடுவில் ஸ்பிரிங் ஒன்று துணியைக் கிழித்துக்கொண்டு எட்டிப் பார்த்தது. தலைமையாசிரியை கொடுத்த மரப் பீரோ பார்க்க ராஜா மாதிரி இருந்தது, திறக்கத்தான் முடியவில்லை. போதகரின் அக்கா, அதாவது போதகரம்மாவின் நாத்தனார், தன் மாமியார் படுத்திருந்த தேக்குக் கட்டிலைக் கொடுத்தாள். அது ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அதில் படுத்தால் விடிவதற்குள் தரைக்கு வந்துவிடலாம்.

"எல்லாத்தையும் நம்ம தலையில கட்டிட்டாங்க" என்றாள் போதகரம்மா.

"அப்படிச் சொல்லாதம்மா. குடுத்தவங்க மனசு நோகக் கூடாது" என்றார் போதகர். அவருக்கென்ன, நாளெல்லாம் ஆலயத்தில் நின்றுகொண்டிருப்பவர்.

கொடுத்தவர்கள் கொடுத்ததோடு விட்டார்களா என்றால் அதுவும் இல்லை. வாரம் தவறாமல் வந்து, "நம்ம சோபா எங்க?" "நம்ம பீரோவைச் சுவரோரமா வச்சா என்ன?" என்று நலம் விசாரித்தார்கள். வருகிறவர் யார் என்று ஜன்னல் வழியாகப் பார்த்து, அவரவர் சாமானை முன்னறைக்கு இழுத்துப் போடுவதே தாய்க்கும் மகளுக்கும் வேலையாகிப் போனது. வந்தவர்கள், "அங்க பாம்பு உண்டா?" என்று கேட்பார்கள். போதகரம்மா வாயைத் திறப்பதற்குள் தங்கள் வீட்டுத் தோட்டத்தில் பாம்பு வந்த கதையைச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

இதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். கை சும்மா இருந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. ஆலயத்தின் பின்புறக் கொட்டகையில் சபை வேன் தார்ப்பாய் போர்த்தி நின்றது. நடக்க முடியாத வயதானவர்களை ஆராதனைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போக வாங்கிய வண்டி. டிரைவர் வேறு வேலைக்குப் போனதிலிருந்து சக்கரத்தில் காற்று இறங்கிக் கிடந்தது. ஒரு நாள் அவள் பொருளாளரிடம் மெல்லப் பேச்சை எடுத்தாள்.

"அந்த வேனை நான் ஓட்டுறேங்க."

பொருளாளர் நல்ல நகைச்சுவையைக் கேட்டவர் போலச் சிரித்தார். "அங்க எவ்வளவு கஷ்டப்பட்டுட்டு வந்திருக்கீங்க. நீங்க நல்லா ரெஸ்ட் எடுங்கம்மா. அதுக்குத்தானே சோபா குடுத்திருக்கோம்."

அவள் வீட்டுக்கு வந்து, போதகரிடம் தேநீர் விருந்து ஒன்று வைக்கப்போவதாகச் சொன்னாள். சாமான் கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்ல.

போதகர் கண்ணாடியைக் கழற்றினார். "இதுல உள்குத்து எதுவும் இல்லையே?"

"நன்றி சொல்றதுல என்னங்க உள்குத்து?"

சனிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் வந்தார்கள். போதகரம்மா வாசலிலேயே நின்று ஒவ்வொருவரையும் கைபிடித்து அழைத்துப் போய் அவரவர் சாமானிடம் சேர்த்தாள். பொருளாளர் சோபாவில் ஓரமாகச் சாய்ந்தார். ஸ்பிரிங் இருக்கும் இடம் தெரிந்த மனிதர்.

"ஓரத்துல எதுக்கு? குடுத்தவரு நீங்க, நடுவுல உக்காருங்க" என்று தாயும் மகளும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து நெருக்கினார்கள். பொருளாளர் நகர்ந்து நடுவுக்கு வந்தார். அவர் முகம் ஒருமுறை கோணிப் பின் பக்தியோடு நேரானது.

நாத்தனாருக்குக் கட்டில். அவள் உட்கார்ந்ததும் கட்டில் தன் குணத்தைக் காட்டியது. அவள் ஜன்னல் கம்பியை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"சௌகரியமா இருக்கா அண்ணி?"

"எனக்கென்ன, ரொம்ப நல்லாருக்கு" என்றாள் நாத்தனார், பிடியை விடாமல்.

ஜெபம் பண்ணும்படி மகளிடம் சொன்னார்கள். அவள் கண்ணை மூடி, அப்பாவின் குரலிலேயே ஆரம்பித்தாள். "எங்கள் இல்லம் வெறுமையாயிருந்த நாளிலே, தங்களுக்கு அருமையானவைகளை எங்களுக்கு ஈந்த இந்த உத்தமர்களை ஆசீர்வதியும். இவர்கள் எங்களுக்குச் செய்தபடியே இவர்களுக்கும் செய்யப்படுவதாக."

ஆமென் கொஞ்சம் ஈனஸ்வரத்தில் வந்தது. மகள் கள்ளமில்லாமல்தான் சொன்னாளா என்பது அன்று அங்கிருந்த யாருக்கும் விளங்கவில்லை. அம்மாவுக்கே இன்றுவரை சந்தேகம் உண்டு.

"டீச்சர், கேக்கும் தட்டும் உங்க பீரோவுலதான் இருக்கு. கொஞ்சம் எடுத்துக் குடுக்கிறீங்களா?" என்றாள் போதகரம்மா.

தலைமையாசிரியை கைப்பிடியை இழுத்தார். திருகினார். முழங்காலால் முட்டுக் கொடுத்தார். பள்ளிக்கூடத்தையே ஒரு பார்வையில் அடக்குகிறவர், பீரோவை முறைத்தும் பார்த்தார். உதவி செய்யலாம் என்று பொருளாளர் எழுந்தார். அவர் எழுந்தாலும் கால்சட்டையின் பின்பக்கம் சோபாவை விட்டு வரவில்லை. டர்ரென்ற சத்தம் அறை முழுக்கக் கேட்டது. அவர் அப்படியே திரும்ப உட்கார்ந்தார்.

தலைமையாசிரியை கைப்பிடியை விட்டுவிட்டார். "இது எங்க வீட்டுலயே திறந்ததில்ல" என்றார், நெற்றியைத் துடைத்துக்கொண்டு. "ஆசாரி வந்து பாத்துட்டு விறகுக்குப் போடுங்கன்னுட்டாரு. அது சரி, உள்ள எப்படி கேக்கை வச்சீங்க?"

"முதுகுப் பலகையைக் கழட்டித்தான்" என்ற போதகரம்மா பீரோவுக்குப் பின்னால் போய், கேக்கோடு திரும்பி வந்தாள்.

நாத்தனார், "நான் குடுத்தது மட்டும் நல்ல தேக்காக்கும்" என்றாள். சொல்லும்போது அவள் இரண்டு கையாலும் ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தாள். முதலில் சிரித்தவர் போதகர்தான். மனசு நோகக் கூடாது என்று வாயைப் பொத்திப் பார்த்தார், முடியவில்லை. பிறகு தலைமையாசிரியை சிரித்தார். கடைசியில் நாத்தனாரே கம்பியை விட்டுவிட்டுச் சறுக்கிக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

பொருளாளர் ஒரு தலையணையைப் பின்னால் பிடித்தபடி எழுந்து நின்றார். அசடு வழிந்தாலும் மனிதர் நேர்மையானவர். "சரிம்மா. உங்களுக்கு நெசமாவே என்ன வேணும்? வாய்விட்டுச் சொல்லுங்க."

"வேன் சாவி" என்றாள் அவள்.

சாவி கிடைத்தது. ஆனால் அந்த நாட்டு லைசென்ஸ் இங்கே செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். ஆற்று வெள்ளத்தில்கூட வண்டி ஓட்டியவள், இத்தனை வருஷம் கழித்து வண்டியில் பழகுநர் பலகை மாட்டிக்கொண்டு தேர்வுக்குப் போனாள். மிதப்பாகத்தான் போனாள். அந்த நாட்டில் வண்டிகள் சாலையின் மறுபக்கம் போகும் என்பது அவள் கைக்கு நினைவிருந்தது, மூளை மறந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதிகாரி, எதிரே வந்த லாரியைப் பார்த்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டார். வண்டி ஓரமாக நின்ற பிறகுதான் திறந்தார்.

"இது மாதிரி எத்தனை வருஷமாம்மா ஓட்டுறீங்க?" என்று மட்டும் கேட்டார்.

அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நாத்தனார் காதுக்கு மட்டும் போகக்கூடாது என்று போதகரிடம் சத்தியம் வாங்கினாள். நாத்தனாரோ விளக்கு வைப்பதற்குள் வந்து நின்றாள். போதகருக்குப் பொய் சொல்ல வராது என்பதை அவள் சிறுவயதிலிருந்தே அறிவாள்.

இரண்டாம் முறை போதகரம்மா தேறினாள். இப்போது வாரத்தில் நான்கு நாள் வயதானவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறாள். போகும் வழியிலேயே யாருக்கு ரத்த அழுத்தம், யார் மாத்திரையை விழுங்காமல் தலையணைக்கடியில் வைக்கிறார்கள் என்பதையெல்லாம் விசாரித்துவிடுகிறாள். அவர்கள் பாம்பு உண்டா என்று கேட்பதில்லை. அங்கே பிரசவம் எப்படிப் பார்த்தாய், மழையில் வண்டி நின்றால் என்ன செய்தாய் என்று கேட்கிறார்கள். சிக்னல் பச்சையானாலும், "சொல்லி முடிச்சிட்டுப் போம்மா" என்கிறார்கள்.

முன் சீட் நாத்தனாருக்கு. வழி சொல்வதற்காக வருகிறேன் என்பாள். அவள் சொல்லும் வழியில் போனால் ஊர் போய்ச் சேர முடியாது என்பது வேறு விஷயம். சில மாதம் அப்படி வந்தவள், ஒருநாள் எல்லோரையும் இறக்கிவிட்ட பிறகும் இறங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன அண்ணி?"

"அது ஒண்ணுமில்ல." நாத்தனார் தன் கைப்பையைத் திறந்து மூடினாள். "இந்த கிளட்ச்சுங்கிறது இடது காலா, வலது காலா?"

போதகரம்மா இறங்கிச் சுற்றி வந்து நாத்தனார் பக்கத்துக் கதவைத் திறந்தாள். ஆலய மைதானம் காலியாக இருந்தது. போதகர் மட்டும் பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். டிரைவர் சீட்டில் தன் அக்கா ஏறுவதைப் பார்த்ததும், புத்தகங்களை அப்படியே போட்டுவிட்டுத் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.