செங்கல்லில் ஒட்டிய நெருப்பு

எழுபதுகளின் தொடக்கத்தில் தியாகராய நகரில் ஒரு சின்ன ரசாயனக் கம்பெனியில் வேலை பார்த்தேன். முன்கட்டில் ஆபீஸ், பின்கட்டில் பரிசோதனைக்கூடம். பெயிண்டையும் கிரீஸையும் கெட்டியாக்கும் ஒரு வெள்ளைப் பவுடரைத் தயாரித்து விற்றோம். கெமிஸ்ட்ரி படித்தவள் அங்கே நான் ஒருத்திதான். வெளியே போகும் சரக்குக்கெல்லாம் தரச் சான்றிதழில் என் கையெழுத்து வேண்டும். முதலாளி திருநெல்வேலிக்காரர். குடும்ப ஜவுளிக்கடையை அண்ணன்களிடம் விட்டுவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர். எங்களுக்கு அவர் அண்ணாச்சி.

ஒரு செவ்வாய்க்கிழமை பம்பாய் ஏஜெண்டிடமிருந்து கடிதம் வந்தது. வெளிநாட்டில் ஒருவர் மாதாமாதம் எங்கள் பவுடரை வாங்கத் தயாராக இருக்கிறாராம். மாதிரியோடு ஒரு பரிசோதனை முடிவும் கேட்டிருந்தார்: பெட்ரோலில் கலந்தால், அந்தக் கலவை சுவரில் வழியாமல் எவ்வளவு நேரம் ஒட்டிக்கொண்டு எரிகிறது?

அந்த வரியை இரண்டு முறை படித்தேன். எந்தப் பெயிண்ட் கம்பெனியும் அப்படிக் கேட்டதில்லை.

"அண்ணாச்சி, இதை எதுக்குக் கேக்குறாங்க?"

"எதுக்கோ கேக்கான். செஞ்சு பாத்து எழுதிருங்கம்மா."

மறுநாள் காலை கொல்லையில் செங்கற்களை நிமிர்த்தி அடுக்கினோம். கூட இருந்தவர் பரிசோதனைக்கூட உதவியாளர். ராயப்பேட்டைக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், தினக்கூலி. பாய் என்றுதான் கூப்பிடுவேன். அவர் ஒரு குச்சியால் கலவையை அப்பிப் பற்றவைத்தார். நான் ஸ்டாப்வாட்சை அமுக்கினேன்.

நெருப்பு கீழே வழியவில்லை. செங்கல்லைப் பிடித்துக்கொண்டு ஒரே இடத்தில் நின்று எரிந்தது.

"இன்னாம்மா இது, பிசினு மாரி ஒட்டிக்கினு கீது" என்றவர், நான் தடுப்பதற்குள் ஒரு குவளைத் தண்ணீரை அதன்மேல் வீசினார். எரியும் துளி ஒன்று தெறித்து அவர் மணிக்கட்டில் விழுந்தது. உதறினார். போகவில்லை. மற்றக் கையால் துடைத்தார். அந்தக் கையிலும் பற்றிக்கொண்டது. இரண்டு கைகளையும் பிடித்து மணல் வாளிக்குள் அழுத்தினேன். அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மாடியில் ஆட்கள் கூடிவிட்டார்கள். எல்லாம் அடங்கியபிறகு பார்த்தால், ஸ்டாப்வாட்ச் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

வியட்நாமில் விமானங்கள் வீசிய நெருப்புக் குண்டுகளில் கிராமங்கள் எரியும் படங்கள் அப்போது பேப்பரில் வந்துகொண்டிருந்தன. மயிலாப்பூர் வீட்டில் காபி குடித்தபடி நானும் அவற்றைப் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருக்கிறேன். உடம்பில் நெருப்போடு ஓடுகிறவர்கள் ஏன் தரையில் புரண்டு அதை அணைத்துக்கொள்ளவில்லை என்றுகூட ஒருமுறை நினைத்ததுண்டு.

பெரியாஸ்பத்திரியில் பாய்க்குக் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். திரும்பி வந்ததும் அண்ணாச்சியிடம் சொன்னேன்.

"இதுல நான் கையெழுத்துப் போடமாட்டேன். இது மனுசங்க மேல போடறதுக்கு."

"கடுதாசில அப்படியா எழுதியிருக்கு? பெயிண்டுக்குப் போறதும் இதே பவுடர்தானே. அவன் என்ன செய்வான்னு நமக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாம இருக்கறதுக்காகத்தான் அவங்க எழுதலை."

அவர் முகம் கறுத்தது. "சனிக்கிழமை வரைக்கும் யோசிங்க. இல்லேன்னா கையெழுத்துப் போட வேற ஆள் பாக்கணும்."

வெள்ளிக்கிழமை பாய் வந்தார். இரண்டு கையிலும் கட்டு. வேலை செய்ய முடியாது. என்னைப் பார்க்கத்தான் வந்திருந்தார்.

"கையெழுத்துப் போட்டுடும்மா. இந்த ஆர்டர் வந்தா என்னிய பர்மனண்ட் பண்றேன்னு அண்ணாச்சி சொல்லிக்கிறாரு. மூணு பொண்ணுங்க கீதும்மா எனக்கு."

"பாய், உங்க கையைப் பாத்துமா இப்படிச் சொல்றீங்க?"

"என் கைதானே? ஆறிடும்."

அன்று பஸ்ஸில் இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றாமல் நின்றுகொண்டே வீட்டுக்குப் போனேன்.

சனிக்கிழமை அண்ணாச்சியின் மேஜைமேல், பம்பாய் ஏஜெண்டுக்கு அனுப்ப எழுதிய ஒரு கடிதத்தை வைத்தேன். சரக்கை எதற்குப் பயன்படுத்துவீர்கள் என்று எழுதிக் கொடுங்கள், பிறகு பரிசோதனை முடிவை அனுப்புகிறோம். அவ்வளவுதான் அதில் இருந்தது.

"இதைக் கேட்டா ஓடிருவான்" என்றார்.

"பெயிண்டுக்காரனா இருந்தா ஏன் ஓடணும், அண்ணாச்சி?"

கடிதத்தை எடுத்து இன்னொரு முறை படித்தார். "அந்த மனுசன் போட்ட சத்தம் எனக்கும் கேட்டுச்சு" என்றார், யாரிடமோ சொல்வதுபோல. கடிதத்தில் அவரே கையெழுத்திட்டார்.

பதில் வரவில்லை. தபால்காரர் வரும்போதெல்லாம் முன்கட்டுக்குப் போய் நின்றேன். ஒரு மாதம் கழித்து ஏஜெண்ட் டிரங்க் காலில் பேசினார். சரக்கு வேறு இடத்தில் கிடைத்துவிட்டதாம், கேள்வி கேட்காதவர்களிடம். அண்ணாச்சி ரிசீவரை வைத்துவிட்டு என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எங்கோ ஒரு கொல்லையில் என்னைப்போல் ஒருத்தர் நேரம் பார்த்துக் குறித்திருக்கிறார், கையெழுத்தும் போட்டிருக்கிறார். நான் மறுத்ததால் ஒரு துளிகூடக் குறையவில்லை.

பாய் பர்மனண்ட் ஆகவில்லை. கைகள் ஆறியதும் அசோக் நகரில் மைத்துனரின் சைக்கிள் கடைக்குப் போய்விட்டார். கிளம்பும் நாளில் பரிசோதனைக்கூட வாசலில் நின்றார்.

"உம்மேல கோவம் இல்லம்மா. ஆனா, நீ செஞ்சது சரின்னு என் பொண்டாட்டிகிட்ட என்னால சொல்ல முடியல."

நான் தலையசைத்தேன். சரி என்று எனக்கே அன்று சொல்லிக்கொள்ள முடிந்திருந்தால், அவரிடமும் சொல்லியிருப்பேன்.