நான் பிரெஞ்சில் சொன்ன அம்மா

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது எங்களை வைத்து ஓர் ஆவணப்படம் எடுக்க வந்தார்கள். பிரெஞ்சு பேசும் எங்கள் நகரத்தின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் வாழும் ஏழைக் குடும்பம் ஒன்று, தன்னைச் சுற்றி எல்லாமே வேகமாக மாறிப்போவதை எப்படிச் சமாளிக்கிறது என்பது படத்தின் பொருள். நாங்கள் ஏழைகள் என்பதே அந்தப் பெண் இயக்குநர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதுவரை எங்கள் வீட்டில் ஓர் அறை குறைவு என்று மட்டும்தான் நினைத்திருந்தேன்.

எங்களைத் தேர்ந்தெடுத்ததற்கு அம்மாதான் காரணம். ரயில் பாதைக்கு அப்பால் ஒரு பழைய செங்கல் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், குளிர்கால மேலங்கி தைக்கும் தொழிற்சாலையில் அவர் ஒன்பது வருடம் வேலை செய்தார். அதை மூடியபின், கணினிக்குச் சிந்திக்கக் கற்றுக்கொடுக்கும் நிறுவனம் ஒன்று அங்கே குடிவந்தது. தையல் இயந்திரங்கள் இருந்த இடத்தில் கண்ணாடி அறைகள் எழும்பின. ஆறு மாதம் கழித்து அம்மாவும் அங்கே திரும்பிப் போனார், அந்த மாடியைத் துப்புரவு செய்பவராக.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் எங்கள் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் படப்பிடிப்பு நடந்தது. கமரா அம்மாவின் முகத்துக்கு நேரே. மொழிபெயர்ப்பு என் பொறுப்பு. தைத்த இடத்தையே இப்போது துடைக்கும்போது மனதில் என்ன தோன்றுகிறது என்று இயக்குநர் கேட்டார்.

அம்மா யோசிக்கவே இல்லை. "என்ன தோன்றக் கிடக்கு? அந்த மாடியில எந்த யன்னல் இறுகி நிக்கும், எந்தப் பலகை கிறீச்சிடும் எண்டு எனக்குத்தான் தெரியும். அவையள் நேற்று வந்தவை. குளிருக்க யன்னல் பூட்டத் தெரியாம நிண்டவைக்கு நான்தான் பூட்டிக் குடுத்தனான். அதைச் சொல்லு பிள்ளை."

நான் இயக்குநரைப் பார்த்தேன். செத்த வீட்டுக்கு வந்தவர் போலத் தலையைச் சாய்த்து, கவலைப்படத் தயாராக இருந்தார். ஆசிரியை எதிர்பார்க்கும் விடையை அவர் முகத்திலிருந்தே படித்துச் சொல்லிவிடுகிற பிள்ளை நான். "அம்மா த்ரிஸ்த், மிகவும் த்ரிஸ்த்," என்றேன். கவலை என்பதற்கான பிரெஞ்சுச் சொல் அது. துடைக்கும்போதெல்லாம் பழைய நாட்களை நினைத்து அழுவார் என்றும் சேர்த்துவிட்டேன். இயக்குநரின் கண்கள் கலங்கின. எனக்கோ உற்சாகம் வந்துவிட்டது.

அடுத்து வீட்டைப் பற்றிக் கேட்டார். அப்போது புதிய பல்கலைக்கழகக் கட்டடங்கள் பக்கத்தில் எழும்ப, எங்கள் தெருவில் வாடகையும் ஏறிக்கொண்டிருந்தது.

"வீட்டுக்காரன் கடிதம் போட்டவன், திருத்த வேணும், வீட்டை விடுங்கோ எண்டு," அம்மா சொன்னார். "அண்டைக்கே நான் இந்தக் கட்டடத்தில எல்லாக் கதவையும் தட்டிப்போட்டன். பதினொரு வீடு. வீட்டை விடுறம் எண்டு ஒருத்தரும் கையெழுத்து வைக்கமாட்டினம்."

"எங்கே போவதென்று தெரியவில்லை," என்று நான் பிரெஞ்சில் சொன்னேன்.

சில மாதங்களுக்குப் பிறகு, தேவாலயத்தின் நிலவறை மண்டபத்தில் படம் திரையிடப்படும், அந்தப் பதினொரு வீட்டாரும் வருவார்கள் என்று கேள்விப்பட்டேன். அவர்களுக்குப் பிரெஞ்சு தெரியும். தங்கள் கதவைத் தட்டிய பெண் அழுதுகொண்டிருக்கிறாள் என்று என் வாயாலேயே கேட்கப்போகிறார்கள்.

விளக்கை அணைத்தார்கள். திரையில் அம்மா தமிழில் பேசத் தொடங்கினார். நான் காதைப் பொத்திக்கொண்டேன். மெதுவாகக் கையை எடுத்தபோதும் என் குரல் வரவில்லை. கீழே பிரெஞ்சு எழுத்துகள் ஓடின. தமிழ் தெரிந்த யாரோ பிறகு உட்கார்ந்து, அம்மா சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருந்தார். "அவையள் நேற்று வந்தவை" என்ற இடத்தில் மண்டபமே சிரித்தது. பதினொரு வீடு என்றபோது மேல்மாடிக் கிரேக்கக் கிழவி எழுந்து நின்று கைதட்டினாள். டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலையை அன்று இன்னொருவருக்கு மாற்றிவிட்டு வந்திருந்த அப்பா, "என்ர மனுசி," என்று பக்கத்தில் இருந்தவரிடம் தேவையில்லாமல் சொன்னார்.

ஓர் இடத்தில் மட்டும் படம் மௌனமாக இருந்தது. அம்மா கமராவுக்கு அருகில் யாரையோ பார்த்துச் சிரித்தபடி இருந்தார். நான் பேசிய நேரம் அது. என் குரலை வெட்டிவிட்டு அவர் முகத்தை வைத்திருந்தார்கள்.

படம் முடிந்ததும் இயக்குநர் வந்தார். "கவலையான ஒரு பெண்ணைத் தேடி வந்தேன், என்னை மன்னிக்கச் சொல்," என்றார். இம்முறை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

"அதுக்கென்ன, பற்றீஸ் இருக்கு. சாப்பிட்டிட்டுப் போகச் சொல்லு," என்றார் அம்மா.

அந்தப் பதினொரு வீட்டாரும் நாங்களும் இன்னும் அதே கட்டடத்தில்தான் இருக்கிறோம்.

படத்தில் நான் பேசிய நேரம் அம்மா சிரித்த அந்தச் சிரிப்பை நெடுங்காலம், ஒன்றும் விளங்காதவரின் சிரிப்பு என்றே நினைத்திருந்தேன். போன குளிர்காலத்தில்தான் அம்மாவிடம் கேட்டேன்.

"ஒன்பது வருசம் பிரெஞ்சுக்காரியளுக்குப் பக்கத்தில இருந்து தைச்சனான். த்ரிஸ்த் எண்டா எனக்குத் தெரியாதே?"

"பிறகேன் பேசாம இருந்தனீங்கள்?"

"நீ சொன்னது முழுக்கப் பிழை," என்றார் அம்மா. "ஆனா உன்ர பிரெஞ்சு ஓரிடத்திலயும் தடக்குப்படேல்லை."