கரடிக்காக அடைத்த துணி

“...அப்போ அந்தக் கரடி நிக்க எடமில்லாம தவிக்குதே, அது நம்ம வண்டியாலதான்னு சொல்ற?” என்றார் அப்பா.

கோபமாகக் கேட்கவில்லை. ரசத்தில் உப்பு ஜாஸ்தியா என்று கேட்பதுபோல, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவர் கையில் டீ தம்ளர். எதிரே நான், ஐந்தாம் வகுப்புச் சீருடையைக்கூட மாற்றாமல், அழுது முடித்து விக்கிக்கொண்டிருந்தேன்.

இதைக் கொஞ்சம் முன்னாலிருந்து சொன்னால்தான் சரிப்படும்.

அப்பாவுக்கு ஆட்டோ. செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம் இருந்த ஸ்டாண்டில் நிற்கும். வெளியூர்க்காரர்களையும் வெளிநாட்டுக்காரர்களையும் ஏற்றிக்கொண்டு கிரிவலப் பாதையில் மலையைச் சுற்றிவருவதுதான் எங்கள் சோறு. அந்த வாரம் பள்ளியில் டீச்சர் ஒரு படம் காட்டினார். நடுக்கடலில் கட்டில் அகலத்துக்கு ஒரு பனிக்கட்டி. அதன்மேல் நாலு காலையும் ஒன்றாகக் குவித்துக்கொண்டு ஒரு வெள்ளைக் கரடி. வண்டிகள் விடும் புகையால் உலகம் சூடாகிறது, பனி உருகுகிறது, இதற்கு நாம் ஒவ்வொருவரும் பொறுப்பு என்றார். ‘ஒவ்வொருவரும்’ என்று சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார் என்று எனக்குப் பட்டது. வகுப்பில் ஆட்டோவில் வந்து, ஆட்டோவாலேயே சாப்பிடுகிற பிள்ளை நான் ஒருத்திதானே.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அத்தையிடம் மட்டும் சொன்னேன். அப்பாவின் அக்கா அவர், எங்களோடுதான் இருந்தார். எதையும் நேராகப் பேசிப் பழக்கமில்லாதவர். “உங்கப்பன் வுடற பொகையில மலை மலையா ஐஸ் உருகுதுன்னா, நம்ம தெருக் கொழாயில ஏண்டி தண்ணி வரல?” என்று கேட்டார். நான் சிரிக்கவில்லை என்றதும், “இந்த ஊர்ல சாமியே நெருப்புதான். சூட்டுக்கு பயந்தா இங்க குடியிருக்க முடியுமா?” என்று சொல்லிக்கொண்டே என் உச்சியில் எண்ணெய் வைத்துத் தட்டினார். எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஆறுதல் கரடிவரைக்கும் போய்ச் சேராதே.

அதனால் மறுநாள் விடிந்ததும் நானே ஒரு வேலை செய்தேன். என் பழைய சிவப்புப் பாவாடையில் ஒரு முழம் கிழித்து, ஆட்டோ சைலன்சரின் ஓட்டைக்குள் குச்சியால் குத்திக் குத்தி அடைத்தேன். புகை வெளியே வந்தால்தானே உலகத்துக்குப் போகும்? வண்டி பாட்டுக்கு ஓடட்டும், புகை பாட்டுக்கு உள்ளேயே இருக்கட்டும் என்று நினைத்தேன்.

வண்டி உறுமியது, இருமியது, நின்றது. பத்துத் தடவைக்குமேல் கிளப்பிப் பார்த்துவிட்டு அப்பா பக்கத்துத் தெரு மெக்கானிக்கைக் கூட்டிவந்தார். அவர் தரையில் படுத்து, குறட்டால் பிடித்து இழுத்து, கரியும் ஆயிலும் ஊறிய ஒரு சுருளை வெளியே எடுத்தார். அது சிவப்பாக இருந்தது என்று இனி யாரும் சொல்ல முடியாது. “இன்னாண்ணா, ஆபரேஷன் பண்ண டாக்டர் வயித்துலயே துணிய வுட்டுட்டாரா?” என்றார் மெக்கானிக். அப்பா சிரிக்கவில்லை. அவருக்கு ஒரே ஓர் ஆள்தான் ஞாபகத்துக்கு வந்தார்.

ஸ்டாண்டில் அப்பாவின் கூட்டாளி. நான் மாமா என்று கூப்பிடுவேன். முந்தின நாள்தான் ஒரு சவாரிக்கு யார் முறை என்று இருவருக்கும் வாய்த்தகராறு வந்திருந்தது. என்னைப் பள்ளிக்கு ஏற்றிப்போகிற வழியில் அப்பா ஸ்டாண்டில் நிறுத்தி இறங்கினார். அந்தத் துணியை மாமாவின் காலடியில் வீசினார்.

“நேத்து பேசனதுக்கு நேரா வந்து அடிச்சிருக்கலாம்டா. சோறு போடற வண்டியிலயா கைய வெப்ப?”

ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. மாமாவுக்கு முதலில் புரியவேயில்லை. “நானா? டேய், நானா?” என்றார். புரிந்தபோது அவர் முகம் என்னவோபோல் ஆகிவிட்டது. பின்சீட்டில் நான் இருப்பதைப் பார்த்தார். “கொழந்த எதிர்ல வேணாம், போ” என்றார். அவ்வளவுதான்.

உலகத்துப் பனிக்கெல்லாம் நான்தான் பொறுப்பு என்று இரண்டு நாள் அழுதவளுக்கு, ஒரு முழத் துணிக்குப் பொறுப்பேற்கத் துணிச்சல் வரவில்லை. புத்தகப் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்பாவுக்குத் தூரத்துச் சவாரி அமைகிற நாட்களில் மாமாதான் என்னைப் பள்ளியிலிருந்து கூட்டிவருவார். அன்று சாயங்காலமும் அப்பாவைக் காணோம். இனி யார் வரப்போகிறார்கள் என்று பள்ளி கேட் ஓரம் நின்றேன். மாமாவின் வண்டி வந்தது.

“இன்னா பாக்கற? சண்ட எனக்கும் உங்கப்பனுக்கும். உனக்கும் எனக்கும் இன்னா? ஏறு.”

எப்போதும்போல ஒரு கடலை மிட்டாயும் கொடுத்தார். வாயில் போட முடியவில்லை. வீடு வருகிறவரைக்கும் அது என் உள்ளங்கையிலேயே இளகி ஒட்டிக்கொண்டது.

அப்பா வந்து டீ தம்ளரை எடுத்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். துணி, குச்சி, கரடி, மிட்டாய். அப்போதுதான் அப்பா அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“நம்ம வண்டியாலயும்தாம்பா,” என்றேன்.

அப்பா யோசித்தார். “கொஞ்சம் இருக்கும். இல்லன்னு சொல்ல முடியாது.”

உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது: “கரடி நாளைக்கி வரைக்கும் நிக்கும்டா. உன் கூட்டாளி நிப்பானா?”

அப்பா தம்ளரைக் கீழே வைத்தார். வண்டிச் சாவியை எடுத்தார், என்னைப் பார்த்தார், சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டினார். “வா, ஸ்டாண்டுக்கு நடந்தே போலாம்.”

கரடிக்காகத்தான் நடக்கிறார் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. “இன்னிக்கி எவ்ளோ ஐஸ் மிச்சம்பா?” என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தேன். “நெறைய” என்றார். ஸ்டாண்டு நெருங்க நெருங்க அவர் நடை குறைந்தது. ஒரு டீக்கடையில் நின்று தண்ணீர் வாங்கிக் குடித்தார். கொஞ்சம் தள்ளி இன்னொரு கடையிலும் குடித்தார். என்னைப் பிடித்திருந்த அவர் கை ஈரமாக இருந்தது. வெயிலுக்கு என்று நினைத்தேன். வெயில் மலைக்குப் பின்னால் போய் நேரமாகியிருந்தது.

காலையில் அப்பா பேசியதைக் கேட்ட அத்தனை பேரும் ஸ்டாண்டில் இருந்தார்கள். மாமா தன் வண்டியின் பின்சீட்டில் சாய்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டார். அப்பா என் கையை விட்டார். “டேய், காலைல நான்...” என்று ஆரம்பித்து, அங்கேயே நின்றுவிட்டார். பிறகு மாமாவின் ஹேண்டில்பாரில் தொங்கிய மஞ்சள் துணியை எடுத்து, அந்த வண்டியின் முன்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

எங்கள் வண்டிக் கண்ணாடியிலேயே ஒரு வாரத் தூசி இருந்தது. மன்னிப்புக் கேட்க வந்ததே மறந்துபோய்விட்டது என்று நினைத்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அப்பா திரும்பவில்லை. மேலிருந்து கீழாக, ஒரு மூலை விடாமல், துடைத்துக்கொண்டே இருந்தார்.