பலகைக் கோட்டைக்குள் யானை

நான் நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனாலும் தம்பானூரில் ரயிலை விட்டு இறங்கி நிமிர்ந்து பார்த்தால் தெரிகிற மாடிகளில் பாதிக்கு, கான்கிரீட் ஊற்ற சென்ட்ரிங் பலகை அடித்தவன் நான்தான். இந்த வேல்சாமி பலகை பிரித்த சுவருக்குப் பூச்சே வேண்டாம் என்று எஞ்சினீயர்கள் சொல்லியிருக்கிறார்கள். கரமனையில் சொந்த வீடு, மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட அறை, எல்லாம் இந்தக் கையால் வந்தவை. எழுத வந்தது என்னைப் பற்றி அல்ல, என் அக்காள் மகன் லிங்கராஜைப் பற்றி. ஆனால் அவன் கதையின் நடுவில் என் கைவேலை ஒன்று நிற்கிறது. அது எப்பேர்ப்பட்ட கை என்று படிக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

லிங்கராஜ் தம்பானூரில் ஒரு லாட்ஜில் சாவி கொடுக்கிற மேஜையில் இருக்கிறான். மீசை அரும்புகிற வயதில் நாகர்கோவிலிலிருந்து வந்து சேர்ந்தான். "வேற வேலை கிடைக்கிற வரைக்கும்தான் மாமா" என்றான். இப்போது காதோரம் நரைத்துவிட்டது. எவனோ குடித்துவிட்டு வந்து கலாட்டா செய்ததிலிருந்து முதலாளி மேஜையைச் சுற்றிக் கம்பி அடித்துவிட்டார். கை நுழைய ஒரு துவாரம். அதன் வழியே சாவி வெளியே போகும், ஆதார் அட்டை உள்ளே வரும். தங்க வருகிறவர்கள் கோவளம் போனோம், பொன்முடி போனோம் என்று சொல்வார்கள். இவன் கம்பிக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டுக்கொள்வான். முதலாளிக்கு இவன்மேல் அபார நம்பிக்கை. அதனாலேயே லீவு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் அவரே வந்து உட்காருவார். அந்தக் கொஞ்ச நேரம்தான் இவனுடையது.

அந்த நேரத்துக்கு என் மாடி அறைக்கு ஓடி வருவான். கூட மூன்று பேர்: ஜவுளிக்கடையில் நிற்கிற மீனு, பள்ளிக்கூட டீச்சர் ராகேல், கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற ஷிபு. அவர்கள் ஆடுவது ஒரு மாதிரியான ஆட்டம். லிங்கராஜ் கதை சொல்வான். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆட்கள். மீனு வாள்காரி, ராகேல் மந்திரக்காரி, ஷிபு வில்லாளி. எங்கே போகிறோம், என்ன செய்கிறோம் என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். சண்டை வந்தால் பகடை உருட்டுவார்கள். படம், பொம்மை எதுவும் கிடையாது, எல்லாம் வாய்தான்.

"முன்னால ஒரு குகை. ஈரக்காத்து அடிக்கி. உள்ள என்னமோ மூச்சு விடுது" என்று அவன் சொன்னால், சாயா கொண்டு வந்த என் மனைவி முத்தாரம்மாள் தட்டோடு அப்படியே நின்றுவிடுவாள். கம்பிக்குள் வாய் திறக்காமல் இருக்கிறவனா இவன் என்று எனக்கே ஆச்சரியமாக இருக்கும்.

வாயால் சொல்கிற சண்டையில் தகராறும் உண்டு.

"சேட்டா, நான் பாறைக்குப் பின்னாலயல்லே நின்னேன்? அம்பு என் மேல எப்படிக் கொண்டது?" என்பான் ஷிபு.

"பாறை இடது பக்கம்லா?"

"நீங்க வலதுன்னு பறஞ்சீங்க."

ஒரு ஞாயிறு ஷிபு கட்டம் போட்ட துணியும், கட்டைவிரல் உயரத்துக்கு வர்ணம் பூசிய பொம்மை ஆட்களும் கொண்டு வந்தான். இனி இதை வைத்துத்தான் ஆட வேண்டும், இல்லையென்றால் எல்லாரும் தன் ஃப்ளாட்டுக்கு வரலாம், அங்கே பெரிய மேஜை இருக்கிறது, கதையையும் தானே நடத்துவதாகச் சொன்னான். கழக்கூட்டம் போய்த் திரும்பவே லிங்கராஜின் நேரம் தீர்ந்துவிடும். அதை அவன் அவர்களிடம் சொல்லவில்லை. மாடிப்படியில் என்னிடம் சொன்னான்.

"படம் வேணுமாம் மாமா. இல்லேன்னா எல்லாரும் அங்க போயிருவாவ. பொறவு எனக்கு ஞாயித்துக்கிழமையும் கம்பிதான்."

"படமாலே? கோட்டையே கட்டித் தாரேன். அந்தப் பயலுக கண்ணு தெறிச்சிரணும்."

அவர்கள் அப்போது கதையில் ஒரு ராஜாவின் கோட்டைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அங்கே அடைபட்டிருக்கிற யானையை விடுவிக்க வேண்டும். நான் யானையைப் பற்றிக் கேட்கவில்லை. சுவர் எங்கே, படி எங்கே, வாசல் எங்கே என்று கேட்டேன். கடைசி அறைக்கு ஒரு வாசல் என்றான். ஷிபுவின் துணியில் ஒரு கட்டத்துக்கு ஓர் ஆள். அறை வாசல் என்றால் ஓர் ஆள் அகலம். ஆயுள் முழுக்க நான் விட்ட வாசல் அதுதான். பழைய பிளைவுட்டை அறுத்து, இழைத்து, திருகாணி போட்டு முறுக்கினேன். கோட்டை அசையவில்லை.

ஞாயிறு வந்ததும் மூன்று பேரும் வாயைப் பிளந்தார்கள். "மாமா, இதை மியூசியத்துல வைக்கணும்" என்றாள் ராகேல். டீச்சர் சொன்னது, நான் சொல்லவில்லை. சண்டையும் தகராறு இல்லாமல் நடந்தது. யார் எங்கே நிற்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரிந்தது. லிங்கராஜ் மட்டும் என் காதோரம் வந்து, "எல்லாரும் பலகையைப் பாக்காவ மாமா. முன்ன என் மூஞ்சியைப் பாத்தாவ" என்றான்.

காவலர்கள் விழுந்தார்கள். கடைசி அறைக்குள் மீனு தன் பையிலிருந்து ஒரு மர யானையை எடுத்து வைத்தாள். கிழக்கேகோட்டைத் தெருக்கடையில் வாங்கியது, நெற்றிப்பட்டத்துக்குப் பொன்வண்ணம் பூசியிருந்தது. ஷிபு அதை வாசலுக்குத் தள்ளினான். நெற்றி முட்டியது. பக்கவாட்டில் திருப்பினான். வயிறு முட்டியது.

"சேட்டா, இது உள்ள எப்படிக் கேறிச்சு?"

மூன்று பேரும் சிரித்தார்கள். லிங்கராஜ் சிரிக்கவில்லை.

"மேல வழியா தூக்கிரலாம்" என்றாள் மீனு.

"மேல சிலாப் உண்டு மோளே. நீங்க பாக்கணும்னு திறந்து வச்சிருக்கேன்" என்றேன்.

"சுவரை இடிச்சா?"

"என் சுவரையா? கருங்கல்லுன்னு வச்சுக்கோ. உன் வாளுதான் ஒடியும்."

"சேட்டா, கதையில ஓட்டை" என்றான் ஷிபு. பொம்மை ஆட்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டிக்குள் போடத் தொடங்கினான். "அடுத்த வாரம் என் ஃப்ளாட். நான் ஒழுங்கா பிளான் போட்டு வைக்கேன்."

லிங்கராஜ் யானையின் முதுகில் விரலை வைத்தான்.

"வரும்போது குட்டி" என்றான்.

ஷிபுவின் கை நின்றது.

"ஆட்டுக்குட்டி உயரம்தான் இருந்துச்சு. இந்த வாசல் வழியாத்தான் துள்ளிக்கிட்டு வந்துச்சு. கொஞ்ச நாளைக்குத்தான்னு சொன்னாவ. தீனிக்குக் குறையில்ல. அடிக்கவும் இல்ல. நல்ல ஆனைன்னு தட்டிக் குடுத்தாவ. உள்ளயே வளந்துட்டு. ஒரு நாள் போவோம்னு வாசலுக்கு வந்து பாத்துச்சு. நெத்தி இடிச்சுது."

அப்போது யாரும் பலகையைப் பார்க்கவில்லை. மீனு மூக்கை உறிஞ்சினாள். ராகேல் யானையைக் கொஞ்சம் உள்ளே நகர்த்தி, முட்டாத இடத்தில் வைத்தாள். ஷிபு பெட்டியிலிருந்து தன் வில்லாளியை எடுத்துத் திரும்பவும் கட்டத்தில் நிறுத்தினான்.

"இதை வெளிய கொண்டு போயே தீரணும். அடுத்த ஞாயிறு."

"எங்க, உங்க ஃப்ளாட்டுலயா?" என்றாள் மீனு. "ஆனை இங்கயல்லே இருக்கு!"

அதன்பின் ஒரு ஞாயிறும் தவறாமல் வந்தார்கள். யானைக்கு வெண்ணெய் தடவிப் பார்த்தார்கள். பட்டினி போட்டு இளைக்க வைக்கலாம் என்றான் ஷிபு. மீனு அவனை அடிக்கப் போனாள். ராகேல் மந்திரம் போட்டாள், பகடையில் பெரிய எண் விழவில்லை. ஒரு நாள் தரையைத் தோண்டினார்கள். பகடையில் பெரிய எண்ணே விழுந்தது, நானே கண்ணால் பார்த்தேன். லிங்கராஜ் நிதானமாக, "கீழ பாறை" என்றான்.

எனக்குப் பொறுக்கவில்லை. என் வாசலில் குற்றம் கிடையாது, இன்றைக்கும் சொல்வேன். ஆனாலும் ஒரு வாயில்லா ஜீவன் என் வேலைக்குள் அடைந்து கிடக்கிறது என்று ஊரில் பேச்சு வரக்கூடாது. அவர்கள் இறங்கிப் போனதும் ரம்பத்தை எடுத்துக்கொண்டு மேலே போனேன். லிங்கராஜ் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான், டியூட்டிக்கு.

"ஒரு நொடி வேலை. வாசலை அகலமாக்கித் தாரேன். அடுத்த வாரம் ஆனை ஜம்முன்னு நடந்து போகும்."

"வேண்டாம் மாமா."

"ஏம்லே?"

"ஆனை போயிட்டுன்னா கதை முடிஞ்சுது. கதை முடிஞ்சா ஷிபு வீடுதான்."

"அப்போ அது உள்ளயே கெடக்கட்டும்ங்கியா?"

அவன் செருப்பை மாட்டினான்.

"தீனி போடுதோம்லா மாமா" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினான்.

நான் ரம்பத்தோடு கோட்டைக்கு முன்னால் உட்கார்ந்தேன். ஆளாளுக்குத் தள்ளித் தள்ளி யானையின் நெற்றியில் பொன்வண்ணம் உரிந்து வெறும் மரம் தெரிந்தது. அந்தப் பொன் என் வாசல் நிலையில் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு மினுங்கியது.