தோள் வலி என்று சொன்னேன்

நாடித்துடிப்பு குறைந்து மயங்கி விழுந்த என் மகளுக்குச் செங்கல்பட்டில் தோளுக்குக் கீழே பேஸ்மேக்கர் வைத்தார்கள். வயது இருபத்திரண்டு. பள்ளி நாளிலேயே இதய வால்வு மாற்றியவள்; ரத்தம் உறையாமலிருக்க அன்றிலிருந்து தினமும் மாத்திரை. படூரில் எங்கள் அடுக்ககத்தில் ஒருவருக்கும் இது தெரியாது. தெரிந்தால் வரன் வராது என்பது என் கணக்கு. ஆஸ்பத்திரி கொடுத்த தாள்களைக்கூடப் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் ஒளித்தேன். படிக்கவில்லை.

வீட்டுக்கு வந்த மறுநாள் தையல் போட்ட இடம் வீங்கி வலிக்கிறது என்றாள். தெருமுனை மருந்துக்கடைக்குப் போனேன்.

"இன்னா சார், யாருக்கு?"

"பொண்ணுக்கு. வண்டியில இருந்து விழுந்துட்டா. தோள் வலி."

"வேற எதுனா மாத்திரை சாப்ட்டுகினு இருக்குதா பொண்ணு?"

"இல்ல."

அவர் கேட்கவேண்டியதைக் கேட்டார். பொய் என்னுடையது.

அந்த வலி மாத்திரையை இரண்டு நாள் கொடுத்தேன். எலுமிச்சை அளவிருந்த வீக்கம் ஆரஞ்சு அளவானது. தோல் இழுபட்டுப் பளபளத்தது. கன்றிய நீலம் அக்குள்வரை இறங்கியது.

"ஞாயித்துக்கிழமை கூடுவாஞ்சேரிக்காரங்க உன்னைப் பாக்க வர்றாங்க. அது முடியட்டும்மா."

"அதுக்குள்ள தையல் பிரிஞ்சிடும்ப்பா. பிரிஞ்சா அவங்களுக்கே தெரிஞ்சிடும்."

அப்போதுதான் அவளை அழைத்துக்கொண்டு செங்கல்பட்டுக்குக் கிளம்பினேன்.

டாக்டர் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "கேக்காம வலி மாத்திரை போடக்கூடாது, வீக்கம் பெருசானா உடனே வரணும்னு கட்டம் போட்டு எழுதியிருந்தோமே. ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரையோட இதுவும் சேந்து, உள்ள ரத்தம் கசிஞ்சுகிட்டே இருக்கு."

"ஊசியால உறிஞ்சிடுங்க டாக்டர். தழும்பு பெருசாக வேணாம்."

"குத்தினா கிருமி உள்ள போகும். அப்புறம் பேஸ்மேக்கரையே கழட்டணும். உங்களுக்குத் தழும்பா முக்கியம்?"

ரத்தம் பரிசோதித்து, அவள் வழக்கமான மாத்திரையைத் தங்கள் கண்காணிப்பில் நிறுத்தி, அழுத்தக் கட்டுப் போட்டார்கள். அப்படியும் தோல் தளரவில்லை. மறுநாள் ஆபரேஷன் தியேட்டரில் தையலைப் பிரித்து, உறைந்த ரத்தத்தை அகற்றி, கசிவை அடைத்தார்கள். பேஸ்மேக்கர் தப்பியது. கிருமி தொற்றியிருக்கிறதா என்பது சில மாதம் போனால்தான் தெரியும்.

"யாருக்குப்பா பயந்தீங்க?" என்று கட்டிலில் கேட்டாள். கூடுவாஞ்சேரிக்காரர்களின் முகம்கூட எனக்குத் தெரியாது.

அவளை வீட்டுக்கு அழைத்துத் திரும்பும் வழியில் கட்டுத்துணி வாங்க அதே கடையில் காரை நிறுத்தினேன்.

"பொண்ணு தோள் வலி போச்சா சார்?"

"போயிடுச்சு."

காரின் கண்ணாடி இறங்கியது. "தோள் வலி இல்லண்ணா. பேஸ்மேக்கர் வெச்சிருக்கு. ரத்தம் உறையாம இருக்க மாத்திரையும் சாப்பிடுறேன். அப்பா சொல்லல."

கடைக்காரர் என்னைப் பார்க்கவில்லை. கல்லாவை விட்டு இறங்கி வந்து, "இன்னா மாத்திரைம்மா, பேர் சொல்லு" என்று குறித்துக்கொண்டார். துணிப் பொட்டலத்தை அவள் கையில் கொடுத்தார். அதன் பிறகு அவர் என்னிடம் எதையும் கேட்பதில்லை.