கழுவாத சக்கரம்

அந்தக் காலத்துக் கல்கத்தாவில் வண்டி ஓட்டுகிறவனுக்கு லைசென்ஸ் கொடுத்தது போலீஸ்; பாடம் சொல்லிக்கொடுத்தது தெரு. பாடம் இதுதான்: யாரையாவது இடித்துவிட்டால் நிற்காதே. நின்றால் கூட்டம் உன்னை அடித்தே கொன்றுவிடும், வண்டியைக் கொளுத்திவிடும். நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குள் வண்டியை விடு. பின் சீட்டில் உட்கார்ந்திருக்கும் முதலாளிக்கு இந்தப் பாடம் தேவையில்லை. முதலாளியைக் கூட்டம் அடிக்காது.

நாகரத்தினத்துக்கு இந்தப் பாடம் பிடிக்காது. "இடிச்சுட்டு எப்படி ஓடறதுன்னு யோசிக்கிற நேரத்துல பிரேக்கைச் சரியா வெச்சுக்கலாம்ல?" என்பார். மன்னார்குடிப் பக்கத்துக்காரர். கரக்பூரில் ரயில்வே பட்டறைக்குக் கூலியாக வந்து, அங்கே லாரி ஓட்டக் கற்றுக்கொண்டு, கல்கத்தாவில் சிவராமகிருஷ்ணன் என்ற காண்டிராக்டரிடம் ஜீப் டிரைவராகச் சேர்ந்தவர். முதலாளிக்கு லேக் கார்டன்ஸில் வீடு. வேலையோ சால்ட் லேக்கில். சதுப்பு நிலத்தை மணல் கொட்டி மேடாக்கிய வெட்டவெளியில் சாக்கடை கட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சேற்றில் முழங்கால் வரை புதைந்து எழுந்து வர, நாலு சக்கரத்துக்கும் இழுப்பு உள்ள ஜீப்பால்தான் முடியும்.

ராணுவத்தில் தேய்ந்து ஏலத்துக்கு வந்த பழைய ஜீப் அது. நாகரத்தினம் அதைக் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டார். காலையில் சாவியைத் தொடுவதற்கு முன் ஆயில் குச்சியை உருவிப் பார்ப்பார். ரேடியேட்டரில் தண்ணீர், சக்கர நட்டுகள், டயரில் காற்று எல்லாம் பார்த்துவிட்டு, பிரேக்கை மிதித்தபடியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். பெடல் மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். அன்றைக்கு வண்டி நகராது, முதலாளி குதித்தாலும் நகராது. மழைக்காலத்தில் தெருவெல்லாம் குளமாகும்போது ஃபேன் தண்ணீரை எஞ்சின்மேல் வாரியடிக்காதபடி பெல்ட்டைக் கழற்றிவிட்டு முதல் கியரில் ஒரே சீராகத் தண்ணீரைக் கடப்பார். கடந்தபின் பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே போய் டிரம்மை உலர்த்துவார். இத்தனைக்கும் நடுவே, எஞ்சினுக்குள் ஒரு தெய்வம் குடியிருப்பதாகவும் நம்பினார். ஆயில் குச்சியும் தெய்வமும் ஒரே மண்டைக்குள் சண்டையில்லாமல் குடித்தனம் நடத்துவதுதான் நம் நாட்டு அதிசயம்.

எழுபதுகளின் தொடக்கம் அது. ஊர் அரசியல் சண்டையில் கொதித்துக்கொண்டிருந்தது. சந்து முனையில் குண்டு வெடிக்கும். விடிந்தால் வாய்க்கால் ஓரத்தில் பிணம் கிடக்கும். ஜீப் என்றாலே போலீஸ் என்று நினைத்துச் செங்கல் பறந்து வரும். அப்படி வந்த ஒரு செங்கல்லில் கண்ணாடி உடைந்து நாகரத்தினத்தின் புருவம் பிளந்தது. அன்றும் நிதானமாகத்தான் ஓட்டி வந்தார், ஒரு கண்ணைத் துணியால் பொத்திக்கொண்டு.

அந்த ஆண்டு ஆயுதபூஜை. வங்காளிகளுக்கு அது துர்க்கா பூஜையின் நவமி. லேக் மார்க்கெட்டுக்குப் போய்க் கடையிலேயே பெரிய வெள்ளைப் பூசணிக்காயாகப் பொறுக்கி வாங்கியவர் நாகரத்தினம்தான். யாரும் சொல்லவில்லை, அவராகவே ஆசைப்பட்டு வாங்கினார். லேக் கார்டன்ஸ் வீட்டு வாசலில் ஜீப்புக்கு மாலை போட்டு, பூசணிக்காயைக் குடைந்து உள்ளே குங்குமத்தை நிரப்பி, சுற்றிப் போட்டு உடைத்தார்கள். அதோடு விடவில்லை. முன்சக்கரம் அதன்மேல் ஏறி இறங்கினால்தான் கண்திருஷ்டி முழுசாகப் போகும் என்றார் சிவராமகிருஷ்ணன். நாகரத்தினம் ஏற்றினார். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த ஆரத்தித் தண்ணீரை முதலாளியம்மா பம்பரில் ஊற்றினார். சதையும் விதையும் டயர் பள்ளங்களில் அப்பிக்கொண்டன. பம்பரிலிருந்து சிவப்பாக ஒழுகியது.

"சார், சக்கரத்துல ஒரு வாளித் தண்ணி ஊத்திட்டு வந்துடறேன். வழவழன்னு இருக்கு, பிரேக் போட்டா வழுக்கும்."

"இன்னிக்குக் கழுவக் கூடாதுப்பா. இருட்டற வரைக்கும் இருக்கணும். மெதுவாப் போ, ஒண்ணும் ஆகாது."

நாகரத்தினம் ஏறி ஸ்டீரிங்கைப் பிடித்தார். பிரேக் கசிந்தால் முதலாளியை எதிர்த்து நிற்கிற மனிதர், குங்குமத்துக்கு அடங்கிப்போனார்.

சால்ட் லேக் ஷெட்டிலும் ஒரு பூஜை இருந்தது. இருவரும் கிளம்பினார்கள். வழியெல்லாம் தாரை தப்பட்டை மாதிரி டாக் மேளம், புதுத்துணிக் கூட்டம். வழுக்கலுக்குப் பயந்து முன்வண்டிக்கும் தனக்கும் நடுவே நிறைய இடம் விட்டு ஊர்ந்துதான் போனார். பெலியாகட்டாவில் வாய்க்காலை ஒட்டிய தெருவுக்குள் திரும்பியதும் எதிரே ஒரு கும்பல் ஓடி வந்தது. கைகளில் மூங்கில், இரும்புக் கம்பி, ஒருவன் கையில் ஹாக்கி மட்டை.

கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் அடுத்த தெருவில் ஒரு ஜீப் ஒரு சிறுமியை இடித்துவிட்டு நிற்காமல் போயிருந்தது. அந்த ஜீப்பைத் தேடித்தான் இவர்கள் ஓடி வந்தார்கள். அவர்கள் எதிரில் ஒரு ஜீப் வந்தது, சக்கரத்திலும் பம்பரிலும் சிவப்பு அப்பியபடி.

"எய் ஜே! ரொக்தோ!" என்று ஒருவன் கத்தினான். இதோ, ரத்தம்!

அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. முதல் செங்கல் பானெட்டில் விழுந்தது. இரண்டாவது ஹெட்லைட்டைத் தூளாக்கியது. பின்னாலும் ஆட்கள் சூழ்ந்துவிட்டார்கள். கேன்வாஸ் கூரையைக் கத்தியால் கிழிக்கும் சத்தம் காதருகே கேட்டது. முன்னால் பம்பரோடு பம்பராக இருபது பேர் ஒட்டி நின்றார்கள். ஒரு கிழவர் இரண்டு கையையும் பானெட்டில் ஊன்றிக்கொண்டு, வாய் கோணிப்போய் ஏதோ கத்திக்கொண்டிருந்தார்.

"ஏத்துடா!" என்று அலறினார் சிவராமகிருஷ்ணன். "ஏத்திட்டுப் போடா! கொன்னுடுவானுங்க!"

நாகரத்தினத்தின் கால் கிளட்சில் இருந்தது, கியர் முதலில். அந்த ஜீப்பின் இழுவை அவருக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. கிளட்சை விட்டால் கிழவரும் அவருக்குப் பின்னால் நிற்கிறவர்களும் சக்கரத்துக்கு அடியில் போவார்கள், வண்டி குலுங்கிக்கொண்டே அவர்கள்மேல் ஏறி இறங்கும், தான் பிழைத்துக்கொள்ளலாம். கல்கத்தாவின் டிரைவர்கள் எல்லாரும் அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பார்கள். கிழவரின் கைகளைப் பார்த்தார். நரம்பு புடைத்த, நகம் வெட்டாத கைகள்.

எஞ்சினை அணைத்தார்.

"பாபு, ஆப்னி நேமே ஜான்," என்றான் ஹாக்கி மட்டைக்காரன், மரியாதையாக. பாபு, நீங்கள் இறங்கிப் போங்கள். கூட்டம் விலகி வழிவிட்டது. சிவராமகிருஷ்ணன் இறங்கினார். அவருக்கு வங்காளி மொழி தண்ணீர்பட்ட பாடு. 'இது குங்குமம், பூசணிக்காய், நாங்கள் வீட்டிலிருந்து இப்போதுதான் வருகிறோம்' என்று சொல்ல ஒரு மூச்சு போதும். சொல்லவில்லை. வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பாராமல், அந்தச் சந்தில் நடந்து மறைந்தார். ஓடக்கூட இல்லை, அவருக்கு ஓட வேண்டிய அவசியம் இல்லை. இஸ்திரி போட்ட சட்டைக்கும் தங்கப் பிரேம் கண்ணாடிக்கும் கூட்டத்தின் கோபமே வழிவிட்டு நிற்கும். வண்டியை வாங்கியவன் பாபு, ஓட்டியவன் கொலைகாரன். ஆத்திரத்தில்கூட நாம் ஆள் பார்த்துத்தான் அடிக்கிறோம்.

நாகரத்தினத்தைத் தலைமயிரைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். "ஆமி நா! ஆமி நா!" என்று கத்தினார், நான் இல்லை, நான் இல்லை என்று. அதற்குமேல் வங்காளி வார்த்தை ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. கம்பி இடது மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு உடைந்த சத்தம் அவருக்கே கேட்டது. மட்டை தாடையில் விழுந்தது. வாய்க்குள் பல் கழன்று நாக்கில் உருண்டது. கீழே விழுந்தவரை உதைத்தவர்கள் எல்லாரும் புதுச் செருப்புப் போட்டிருந்தார்கள், பண்டிகை அல்லவா. உதைத்தவன் களைத்து விலகினால் அடுத்தவன் வந்தான். பலருக்கு ஏன் அடிக்கிறோம் என்றே தெரியாது. "கீ ஹொயேச்சே தாதா?", என்ன ஆச்சு அண்ணே என்று விசாரித்துக்கொண்டே, பதில் வருவதற்குள் ஓங்கி ஒரு உதை விட்டவனும் உண்டு.

டிரைவர் சீட்டுக்குக் கீழேதான் அந்த ஜீப்பின் பெட்ரோல் டாங்க். எவனோ மூடியைத் திருகி எறிந்தான். கந்தல் துணியை உள்ளே திணித்து நனைத்து எடுத்தான். பெட்ரோல் வாடை நாகரத்தினத்தின் ரத்தம் அடைத்த மூக்கிலும் ஏறியது. அவரைச் சக்கரத்தோடு சேர்த்துக் கிடத்தி வைத்திருந்தார்கள். வண்டியோடு சேர்த்து எரிக்கப் போகிறார்கள் என்பது புரிந்தது. முகத்துக்கு நேரே டயர். அதன் பள்ளத்தில் ஒட்டியிருந்த பூசணி விதைகள் அவர் கண்ணுக்குத் தெரிந்தன. கை காட்ட முயன்றார். கை எழவில்லை.

காய்கறிப் பையோடு வந்த ஒரு நடுத்தர வயது அம்மாள் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். யாரைக் கொல்கிறார்கள் என்று பார்க்கத்தான் அவரும் வந்திருப்பார். டயரைப் பார்த்தார், குனிந்து விரலை விட்டுக் கிளறினார். வெள்ளைச் சதையும் விதையுமாக ஒரு பிடி கையில் வந்தது.

"ஓமா! ஏ தோ சால்குமடோ!"

சால்குமடோ என்றால் வெள்ளைப் பூசணி. அன்று காலை அந்தத் தெருப் பந்தலிலும் ஆட்டுப் பலிக்குப் பதிலாக அதையேதான் குங்குமம் வைத்து வெட்டியிருந்தார்கள். தீப்பெட்டியோடு நின்றவனின் மூக்கில் அந்த அம்மாள் சதையைத் தேய்த்தார். "முகர்ந்து பார், கழுதை! ரத்தம் இப்படியா மணக்கும்? ரத்தத்தில் விதை இருக்குமா? காலையில் பந்தலில் பிரசாதத்துக்கு முதலில் கை நீட்டினாயே, அப்போது தெரிந்ததா இல்லையா இது என்னவென்று?"

கூட்டம் முகர்ந்து பார்த்தது. ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. "அப்படின்னா இவன் முதலிலேயே சொல்லியிருக்கணும்," என்று குற்றத்தை அடிபட்டவன்மேலேயே போட்டுவிட்டு ஹாக்கி மட்டைக்காரன் நகர்ந்தான். ஒருவன் நாகரத்தினத்தின் செருப்பைத் தேடி எடுத்துப் பக்கத்தில் ஜோடியாக வைத்துவிட்டுப் போனான். கிழவரைக் காணோம்.

ஆஸ்பத்திரிக்கு மனைவி சுந்தரவல்லி வந்தபோது நாகரத்தினத்தின் தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். நாலாவது நாளோ என்னவோ, சிவராமகிருஷ்ணன் வந்தார். கையில் விபூதிப் பொட்டலம்.

"பூசணிக்கா உடைச்சோமே, அதுதான்டா உன் உயிரைக் காப்பாத்திச்சு," என்றார் நெகிழ்ந்துபோய். "இல்லேன்னா இந்நேரம் என்ன ஆகியிருக்கும்?"

"அப்ப அடுத்த வேலைக்கு அந்தப் பூசணிக்காயையே டிரைவரா வெச்சுக்குங்க," என்றாள் சுந்தரவல்லி.

நாகரத்தினம் பற்களுக்கு நடுவிலிருந்து பேசினார். சொல் ஒவ்வொன்றும் எச்சிலோடு வந்தது. "அது காப்பாத்தும்னு தெரிஞ்சா... நீங்க ஏன் சார் இறங்கினீங்க?"

"நான் போலீஸைக் கூப்பிடத்தான்..."

"வந்துச்சா?"

சிவராமகிருஷ்ணன் பொட்டலத்தைக் கட்டில் ஓரத்தில் வைத்தார். "புது ஜீப் பார்த்திருக்கேன். கை சரியானதும் வந்து சாவியை வாங்கிக்கோ."

"ஏத்தச் சொன்னீங்க. ஏத்தியிருந்தா ஜெயிலுக்கு யாரு போறது? நீங்களா?" மூச்சு வாங்கியது. "வேற ஆளைப் பாருங்க."

அன்று சாயங்காலம் கஞ்சி கொண்டுவந்த ஆயா, அந்தச் சிறுமியைப் பற்றிச் சொன்னாள். இதே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்களாம், கைரிக்ஷாவில், ரொம்ப நேரம் கழித்து. கால்தான் நசுங்கியிருந்தது, ஆனால் ரத்தம் முழுக்க ரோட்டிலேயே போய்விட்டிருந்தது. வாசலிலேயே செத்துவிட்டாள். பெற்றவள் அவளை மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி, வண்டி என்று கதறிக்கொண்டிருந்த நேரத்தில், தெருவிலிருந்த ஆண்பிள்ளைகள் எல்லாரும் ஜீப்பைத் தேடி ஓடியிருந்தார்கள்.

நாகரத்தினம் கஞ்சியைத் தள்ளிவிட்டார்.

"அடுத்த தெருவுலதானே நின்னேன்," என்றார் சுந்தரவல்லியிடம். "எஞ்சின் நல்லா இருந்துச்சு. பிரேக் நல்லா இருந்துச்சு. ஒருத்தன் கேட்டிருந்தா தூக்கிப் போட்டுக்கிட்டு வந்திருப்பேனே. அடிக்கறதை அப்புறமா வெச்சுக்கிட்டிருக்கலாமே."

கை கோணலாகத்தான் கூடியது. கியர் போட முடிந்தது, அது போதும் என்று ஓர் ஆம்புலன்சுக்கு டிரைவராகச் சேர்ந்தார். எண்பதுகளின் நடுவில் கண்ணில் புரை விழும் வரை அதைத்தான் ஓட்டினார். ஆயுதபூஜை அன்று மற்ற வண்டிகள் மாலை போட்டுக்கொண்டு ஷெட்டில் நிற்கும். அன்றைக்குத்தான் ஊரில் கூட்டமும் அதிகம், அடிபடுகிறவர்களும் அதிகம். அவர் டூட்டி கேட்டு வாங்கிக்கொண்டு ஓட்டுவார்.